கருஞ்சீரக எண்ணெயும் ஆய்வக விலங்குகளின் நோய் எதிர்ப்பு சக்தியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"கருஞ்சீரக எண்ணெய் நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும், எலிகளில் நிரூபித்துவிட்டார்கள்" என்ற வரியைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். எலிகளில் என்னதான் பார்த்தார்கள் என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை. அந்தப் பதில் சுவாரசியமானது, அந்த வரி சொல்வதைவிடச் சிக்கலானது. அதனால்தான் இந்தப் பக்கம்.

சுருக்கமாகச் சொல்லுங்கள். கூட்டுகிறதா, இல்லையா?

சிலவற்றைக் கூட்டுகிறது, சிலவற்றைக் குறைக்கிறது. ஒரே விலங்கில், ஒரே வாரத்தில்கூட இரண்டும் நடந்திருக்கின்றன. நோய் எதிர்ப்பு அமைப்பு என்பது ஒற்றைப் பொருள் இல்லை. கிருமியை விழுங்கும் செல்கள், கிருமியைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஆன்டிபாடியைத் தயாரிக்கும் செல்கள், வைரஸ் புகுந்த செல்லைக் கொல்லும் செல்கள், போதும் நிறுத்து என்று அடக்கும் செல்கள் எல்லாம் சேர்ந்தது அது. எண்ணெயின் எந்தப் பகுதியைக் கொடுத்தார்கள், வாய் வழியா ஊசி வழியா, விலங்குக்கு அப்போது என்ன நோய் இருந்தது, இதையெல்லாம் பொறுத்து விளைவு மாறுகிறது.

அந்த எண்ணெயில் என்ன இருக்கிறது?

இரண்டு எண்ணெய்கள் இருக்கின்றன. குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

விதையின் எடையில் 30 முதல் 40 விழுக்காடு வரை கொழுப்பு எண்ணெய். அதில் பாதிக்கு மேல் லினோலியிக் அமிலம், அடுத்து ஓலியிக் அமிலம், பால்மிடிக் அமிலம். இதைத் தவிர, விதையில் 2.5 விழுக்காட்டுக்குள் அடங்கும் ஆவியாகும் எண்ணெய் ஒன்று உண்டு. அந்தக் காரமான வாசனை இதிலிருந்து வருவது. 1963ல் பிரித்தெடுக்கப்பட்ட தைமோகுவினோன் என்ற சேர்மம் இந்த ஆவியாகும் எண்ணெயின் முக்கியப் பகுதி. கூடவே பாரா-சைமீன், கார்வக்ரால் போன்றவையும் உண்டு.

செக்கில் ஆட்டினால் கொழுப்பு எண்ணெயோடு கொஞ்சம் ஆவியாகும் எண்ணெயும் கலந்து வரும். நீராவியில் வடித்தால் ஆவியாகும் எண்ணெய் மட்டும் வரும். கரைப்பான் ஊற்றி எடுத்தால் வேறு விகிதம். மூன்றையும் "கருஞ்சீரக எண்ணெய்" என்றே எழுதுகிறார்கள். அதனால் ஒரு ஆய்வின் முடிவை இன்னொன்றோடு ஒப்பிடும் முன்பு, எப்படி எடுத்த எண்ணெய் என்று பார்க்க வேண்டும். தைமோகுவினோனைத் தனியாக வாங்கி எலிக்குக் கொடுத்த ஆய்வுகள் ஏராளம். அவற்றை எண்ணெயின் ஆய்வு என்று சொல்லவே கூடாது.

எலியின் நோய் எதிர்ப்பு சக்தியை எப்படி அளக்கிறார்கள்?

பல சோதனைகள் உண்டு. பழையதும் எளிமையானதுமான ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். கட்டுரைகளில் வரும் "டைட்டர்" என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பது இதில் புரிந்துவிடும்.

சுண்டெலிக்கு ஆட்டின் சிவப்பணுக்களை ஊசியில் ஏற்றுகிறார்கள். அது நோய்க் கிருமி இல்லை, ஆனால் சுண்டெலியின் உடலுக்கு அந்நியமான பொருள். சில நாள் கழித்து இரத்தம் எடுத்து, அதன் தெளிந்த திரவப் பகுதியான சீரத்தைப் பிரிக்கிறார்கள். 96 சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் முதல் குழியில் சீரம், அடுத்ததில் அதன் பாதிச் செறிவு, அடுத்ததில் அதிலும் பாதி என்று நீர்த்துக்கொண்டே போகிறார்கள். பிறகு எல்லாக் குழிகளிலும் ஆட்டுச் சிவப்பணுக்களைச் சொட்டு விட்டு, தட்டை அசைக்காமல் வைத்துவிடுகிறார்கள். ஆன்டிபாடி போதுமான அளவு இருக்கும் குழியில் சிவப்பணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, குழியின் அடி முழுக்க மெல்லிய சிவப்புப் படலமாகப் பரவியிருக்கும். ஆன்டிபாடி இல்லாத குழியில் எல்லாம் சரிந்து, நடுவில் ஒரு சிவப்புப் பொட்டாகக் குவிந்துவிடும். படலம் தெரியும் கடைசிக் குழி எது என்று கண்ணால் பார்த்துக் குறிக்கிறார்கள். 1:64 என்றால், சீரத்தை அறுபத்து நான்கு மடங்கு நீர்த்த பிறகும் படலம் தெரிந்தது என்று பொருள்.

ஒவ்வொரு படியும் இரட்டிப்பு என்பதால் 64க்கும் 128க்கும் இடையே இருப்பது ஒரே ஒரு குழிதான். "ஆன்டிபாடி இரு மடங்கானது" என்று செய்தியில் வரும்போது இதை நினைவில் வையுங்கள். படலமா பொட்டா என்று கண் தடுமாறும் ஒரு குழியிலேயே அந்த இரு மடங்கு அடங்கிவிடலாம். எந்தக் குழுவின் சீரம் என்று தெரியாமல் ஒருவர் தட்டைப் படித்திருந்தால்தான் அந்த எண்ணை நம்புவேன்.

மற்றபடி அந்நியப் பொருளைப் பாதத்தில் ஊசியாகச் செலுத்தி, அங்கே ஏற்படும் வீக்கத்தை 24, 48 மணி நேரத்தில் அளப்பது, இரத்தத்தில் செலுத்திய கரித்துகள் எவ்வளவு வேகத்தில் அகற்றப்படுகிறது என்று பார்ப்பது, எதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சைகைப் புரதங்களான சைட்டோகைன்களை அளப்பது, மண்ணீரலையும் டி செல்கள் முதிரும் உறுப்பான தைமஸையும் எடை போடுவது எல்லாம் உண்டு. மண்ணீரல் எடையை வைத்து மட்டும் முடிவு சொல்லும் கட்டுரையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அழற்சி வந்தாலும் மண்ணீரல் பெருக்கும்.

வைரஸை எதிர்த்ததாக ஒரு ஆய்வைச் சொல்கிறார்களே?

2000ல் வெளிவந்த ஆய்வு அது. இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுபவற்றில் ஒன்று. பால்ப்-சி வகைச் சுண்டெலிகளுக்கு சைட்டோமெகலோ வைரஸின் சுண்டெலி வகையைத் தொற்றவைத்து, கருஞ்சீரக எண்ணெயை வயிற்றறைக்குள் ஊசியாகச் செலுத்தினார்கள். மூன்றாம் நாள் கல்லீரலிலும் மண்ணீரலிலும் வைரஸ் அளவு வெகுவாகக் குறைந்திருந்தது. பத்தாம் நாள் எண்ணெய் பெற்றவற்றில் வைரஸைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. வைரஸுக்கு எதிரான முக்கியச் சைகையான இன்டர்ஃபெரான் காமா இரத்தத்தில் கூடியிருந்தது. மற்ற எதிர்ப்பு செல்களுக்கு உதவும் சிடி4 வகை டி செல்களும் கூடியிருந்தன.

இதுவரை எல்லோரும் சொல்வார்கள். அதே ஆய்வில், அதே மூன்றாம் நாளில், வைரஸ் புகுந்த செல்களை முதலில் தாக்கும் இயற்கைக் கொல்லி செல்கள் எண்ணிக்கையிலும் திறனிலும் குறைந்திருந்தன. இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஒரு பக்கம் ஏறியது, இன்னொரு பக்கம் இறங்கியது, மொத்தத்தில் சுண்டெலி வைரஸை அடக்கியது. இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்த ஆய்வு. பாதியை வெட்டிவிட்டுச் சொன்னால் ஆய்வாளர்களின் உழைப்புக்கே அநியாயம்.

அப்புறம், இது வயிற்றறை ஊசி. வாய் வழியாகக் குடித்ததைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

ஆன்டிபாடி குறைந்தது என்றும் ஆய்வு இருக்கிறதா?

இருக்கிறது. 2004ல் வந்த ஆய்வு ஒன்றில் லாங்-எவன்ஸ் வகை எலிகளுக்கு டைபாய்டு கிருமியின் ஆன்டிஜனை, அதாவது எதிர்ப்பு அமைப்பைத் தூண்டும் பகுதியை, கொடுத்து, சிலவற்றுக்கு ஆவியாகும் எண்ணெயையும் கொடுத்தார்கள். எண்ணெய் பெற்ற எலிகளில் ஆன்டிபாடி ஏறக்குறையப் பாதியானது. மண்ணீரல் செல்களும், வெள்ளையணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில்களும் குறைந்தன. இரத்தத்தில் வேறு இரண்டு வகை வெள்ளையணுக்களான லிம்போசைட்டும் மோனோசைட்டும் கூடின.

முந்தைய ஆய்வோடு இது மோதுகிறதா? கட்டாயம் இல்லை. அங்கே கொடுத்தது பெரும்பாலும் கொழுப்பு எண்ணெய், இங்கே வெறும் ஆவியாகும் எண்ணெய். அங்கே உயிருள்ள வைரஸ், இங்கே தடுப்பூசி மாதிரி ஒரு ஆன்டிஜன். விலங்கும் வேறு. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை மறைப்பதுதான் தவறு.

ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் நல்லது என்கிறார்கள். அவை எதிர்ப்பு சக்தி கூடிய நோய்கள் அல்லவா?

சரியான கேள்வி. ஒவ்வாமையிலும் தன்னுடலைத் தாக்கும் நோய்களிலும் எதிர்ப்பு அமைப்பு தேவையில்லாமல் வேலை செய்கிறது. இங்கே பயன் வேண்டுமென்றால் அதைத் தணித்தாக வேண்டும். விலங்கு ஆய்வுகளில் நடந்ததும் அதுதான்.

முட்டை வெள்ளைக்கருப் புரதத்தைக் கொடுத்துச் சுண்டெலிகளுக்கு நுரையீரல் ஒவ்வாமையை வரவைத்து, தைமோகுவினோனை ஊசியில் கொடுத்தபோது, நுரையீரல் கழுவு நீரில், ஒவ்வாமையில் பெருகும் வெள்ளையணுக்களான ஈசினோஃபில்கள் குறைந்தன. ஒவ்வாமையைத் தூண்டும் சைட்டோகைன்களான இன்டர்லூகின் 4, 5, 13 ஆகியவையும் குறைந்தன. கொலாஜன் கொடுத்து மூட்டுவாதம் வரவைத்த எலிகளில் தைமோகுவினோன் அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களான டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூகின் 1 பீட்டா, இன்டர்லூகின் 6 ஆகியவற்றைக் குறைத்தது. அழற்சியை அடக்கும் இன்டர்லூகின் 10 கூடியது. கவனியுங்கள், இந்த எலிகளில் இன்டர்ஃபெரான் காமா குறைந்தது. வைரஸ் தொற்றிய சுண்டெலிகளில் கூடிய அதே பொருள்.

"எது கூடுதலோ அதைக் குறைக்கும், எது குறைவோ அதைக் கூட்டும், அறிவுள்ள மருந்து" என்று இதற்கு விளக்கம் கொடுப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒன்றில் முழு எண்ணெய், ஒன்றில் தனிச் சேர்மம். அளவும் நோயும் வேறு. இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது எண்ணெய்க்கு அறிவு இருப்பதாக நினைக்க அவசியம் என்ன?

எப்படி வேலை செய்கிறது என்று தெரியுமா?

ஓரளவு தெரியும். 1995ல் எலிகளின் வயிற்றறையிலிருந்து எடுத்த வெள்ளையணுக்களில் செய்த ஆய்வு ஒன்று எனக்கு மிகப் பிடித்தது. அழற்சிப் பொருட்களை உருவாக்கும் இரண்டு பாதைகள், அதாவது சைக்ளோ-ஆக்சிஜனேஸ் பாதையும் 5-லிப்பாக்சிஜனேஸ் பாதையும், தைமோகுவினோனாலும் தடைபட்டன, எண்ணெயாலும் தடைபட்டன. தைமோகுவினோன் மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்தது. பிறகு ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். அந்த எண்ணெயில் தைமோகுவினோன் எடையில் சுமார் 0.2 விழுக்காடுதான். அவ்வளவு கொஞ்சம் தைமோகுவினோனால் விளைந்திருக்கக்கூடிய தடையைவிட எண்ணெய் உண்டாக்கிய தடை அதிகமாக இருந்தது. அப்படியானால் எண்ணெயில் வேறு எதுவோ சேர்ந்து வேலை செய்கிறது. 20 கார்பன் கொண்ட, அபூர்வமான ஒரு கொழுப்பு அமிலமாக இருக்கலாம் என்று கருதினார்கள். எல்லாப் புகழையும் ஒரே சேர்மத்துக்குக் கொடுப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

செல்லுக்குள் அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தைத் தைமோகுவினோன் தடுப்பதும் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஆனால் குவினோன் வகைச் சேர்மங்கள் எதனோடும் சட்டென்று வினைபுரியும். சோதனைக் குழாயில் எதைச் சோதித்தாலும் "வேலை செய்கிறது" என்று காட்டும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. அதனால் குழாயில் கிடைத்த முடிவை விலங்கில் சரிபார்ப்பது மிக அவசியம்.

கீமோ மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்த விலங்குகளில்?

காமா கதிர் பட்ட எலிகளில் முன்கூட்டியே எண்ணெய் கொடுத்தபோது வெள்ளையணு இழப்பும் ஆன்டிபாடி வீழ்ச்சியும் குறைந்தன. சைக்ளோஃபாஸ்ஃபமைடு மருந்தால் எதிர்ப்பு சக்தியை வீழ்த்திய விலங்குகளிலும் இதே போன்ற சோதனைகள் செய்கிறார்கள். விழுந்ததைத் தூக்கிவிடுவது வேறு, நன்றாக இருப்பதை மேலும் உயர்த்துவது வேறு. முதலாவதற்குச் சான்று கிடைத்தால் அது இரண்டாவதற்கும் சான்றாகிவிடாது.

ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கொடுக்க வேண்டும்? உப்பு நீர் போதாதா?

போதாது என்பது என் உறுதியான எண்ணம். இதில்தான் பல ஆய்வுகள் சறுக்குகின்றன.

லினோலியிக் அமிலம் நிறைந்த எந்த எண்ணெயைத் தினமும் கொடுத்தாலும், எதிர்ப்பு செல்களின் சவ்வில் இருக்கும் கொழுப்பு மெல்ல மாறும். அதிலிருந்து அராக்கிடோனிக் அமிலமும், அதன் வழியே புரோஸ்டாகிளாண்டின் என்ற அழற்சிப் பொருட்களும் உருவாகும் அளவு மாறலாம். சூரியகாந்தி எண்ணெய்க்கும் இது பொருந்தும். ஆக, ஒரு குழுவுக்கு எண்ணெய், மறு குழுவுக்கு உப்பு நீர் என்றால், கண்ட வித்தியாசம் கருஞ்சீரகத்தால் வந்ததா, வெறும் கொழுப்பால் வந்ததா? சொல்ல வழியில்லை. கொழுப்பு அமிலங்கள் ஒத்திருக்கும் இன்னொரு எண்ணெயைக் கொடுத்து ஒரு குழு இருக்க வேண்டும்.

வயிற்றறை ஊசி என்றால் பிரச்சினை இன்னும் பெரிது. அந்த இடத்தில் எந்த எண்ணெய் விழுந்தாலும், அந்நியப் பொருளை விழுங்கும் செல்களான மேக்ரோஃபேஜ்கள் ஓடி வரும். தாது எண்ணெயைச் சேர்த்தால் தடுப்பூசிக்கான எதிர்வினை கூடும் என்பது ஃபிராய்ண்ட் உருவாக்கிய துணைப்பொருளின் காலத்திலிருந்து தெரிந்த விஷயம். பிரிஸ்டேன் என்ற எண்ணெயைச் சுண்டெலியின் வயிற்றறைக்குள் ஒருமுறை செலுத்தினாலே, தன்னுடலைத் தாக்கும் நோயான லூபஸ் போன்ற நோய் வருகிறது. இவை தாவர எண்ணெய்கள் இல்லை என்றாலும், ஊசியாகப் போகும் எண்ணெயைச் சும்மா இருக்கும் பொருளாக நினைக்கக் கூடாது என்பதற்கு இவை போதும்.

தட்டில் வளர்த்த செல்களில் எண்ணெய் மேக்ரோஃபேஜ்களைத் தூண்டியதாம். அது போதாதா?

முதலில் கேட்க வேண்டியது: எண்டோடாக்சின் இருக்கிறதா என்று சோதித்தார்களா? விதைகளில் பாக்டீரியா இருக்கும். அவற்றின் சுவரிலிருந்து வரும் லிப்போபாலிசாக்கரைடு, அதாவது எண்டோடாக்சின், மிகச் சிறிய அளவிலேயே மேக்ரோஃபேஜ்களைக் கிளப்பிவிடும். தாவரச் சாறு தூண்டியது என்று நினைத்தது உண்மையில் பாக்டீரியாக் கழிவின் வேலையாக இருந்துவிடலாம். இதைச் சோதித்தோம் என்று ஒரு வரி இல்லாத கட்டுரையை நான் தள்ளி வைத்துவிடுவேன்.

சுண்டெலியில் நடந்தால் மனிதரிலும் நடக்குமா?

நடக்கலாம், நடக்காமலும் போகலாம். நம் இரத்தத்தின் வெள்ளையணுக்களில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில்கள். சுண்டெலியில் பெரும்பான்மை லிம்போசைட்டுகள். சுண்டெலிகளுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. லீஷ்மேனியா மேஜர் ஒட்டுண்ணியை சி57 பிளாக்-6 வகை அடக்கிவிடும், பால்ப்-சி வகை அடக்க முடியாமல் தோற்கும். ஒரே எண்ணெய் இந்த இரண்டிலும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்று, ஆய்வகச் சுண்டெலி கிருமியே இல்லாத கூண்டில் வளர்வது. 2016ல் வந்த ஆய்வு ஒன்று, அதன் எதிர்ப்பு அமைப்பு வளர்ந்த மனிதரைவிடப் பிறந்த குழந்தையின் அமைப்பையே ஒத்திருக்கிறது என்று காட்டியது. செல்லப்பிராணிக் கடையில் வளர்ந்த சுண்டெலிகளோடு சேர்த்து வைத்த பிறகுதான் அது முதிர்ந்தது.

எலிக்குக் கொடுத்த அளவை என் எடைக்குப் பெருக்கிக்கொள்ளலாமா?

கூடாது. சிறிய விலங்கின் வளர்சிதை மாற்றம் வேகமானது. உடல் பரப்பை வைத்து மாற்றும் வழக்கமான முறையில், ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்ற எலியின் அளவை 6.2ஆல், சுண்டெலியின் அளவை 12.3ஆல் வகுக்க வேண்டும். எலிக்குக் கிலோவுக்கு 2 மில்லி கொடுத்திருந்தால், 60 கிலோ மனிதருக்கு நேரடிப் பெருக்கலில் 120 மில்லி வரும். வகுத்துப் பார்த்தால் 19 மில்லி. இதுகூட மருந்துப் பரிசோதனையின் தொடக்க அளவைக் கணக்கிட உதவும் முறைதான், யாரும் எடுத்துக் குடிப்பதற்கான அளவு இல்லை. முடக்கு வாதம் உள்ள பெண்களிடம் நடந்த ஒரு சிறிய பரிசோதனையில் நாளுக்கு 1 கிராம்தான் கொடுத்தார்கள். எலிகள் பெற்றதற்கும் மனிதர்கள் பெற்றதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

விலங்குகளுக்குத் தீங்கு எதுவும் தெரிந்ததா?

2002ல் கொழுப்பு எண்ணெயை வைத்து ஒரு நச்சுத்தன்மை ஆய்வு வந்தது. ஒரே முறை வாய் வழியாகக் கொடுத்தபோது சுண்டெலிகளில் பாதி இறக்கும் அளவு கிலோவுக்கு 28.8 மில்லி. வயிற்றறை ஊசியில் அதே விளைவுக்கு 2.06 மில்லி போதுமாக இருந்தது. வழி மாறினால் எண்ணெயே வேறு பொருளாகிவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அதே ஆய்வில் எலிகளுக்குத் தினம் கிலோவுக்கு 2 மில்லி வீதம் 12 வாரம் வாய் வழியாகக் கொடுத்தார்கள். கல்லீரல் நொதிகளில் மாற்றமில்லை. கொலஸ்ட்ராலும் சர்க்கரையும் குறைந்தன. எடை ஏறும் வேகம் குறைந்தது. வெள்ளையணுக்களும் தட்டணுக்களும்கூடக் குறைந்தன. எதிர்ப்பு சக்தி பற்றிப் பேசும் பக்கத்தில் இந்தக் கடைசி வரி கட்டாயம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு கட்டுரையைப் படிக்கும்போது வேறு என்ன பார்க்க வேண்டும்?

விலங்குகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்களா, அளந்தவருக்குக் குழு தெரியாமல் இருந்ததா, எத்தனை விலங்குகள், இடையில் இறந்தவற்றைக் கணக்கில் சேர்த்தார்களா. விலங்கு ஆய்வுக் கட்டுரைகளுக்காக 2010ல் வந்து 2020ல் திருத்தப்பட்ட அரைவ் வழிகாட்டு நெறிகள் இவற்றையெல்லாம் எழுதச் சொல்கின்றன.

மன அழுத்தம் என்று ஒன்று இருக்கிறது. தினமும் எலியைப் பிடித்து, வாய் வழியே வளைந்த ஊசிக் குழாயை இரைப்பை வரை இறக்கி எண்ணெய் ஊற்றுகிறார்கள். பழகாத கை என்றால் எலி திமிறும், மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிகோஸ்டீரோன் ஏறும். அது நீடித்தால் தைமஸ் சுருங்கும், லிம்போசைட் குறையும். எண்ணெய் பெறாத குழுவுக்கும் அதே குழாயை அதே முறையில் இறக்கியிருக்க வேண்டும். கையே தொடாமல் கூண்டில் விட்ட எலிகளோடு ஒப்பிட்டால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை.

இத்தனை விலங்குகளைக் கொல்வது நியாயமா?

1959ல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த மூன்று கொள்கைகள் இன்றும் வழிகாட்டுகின்றன: மாற்று இருந்தால் அதைப் பயன்படுத்து, எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைக் குறை. என் பார்வையில், சரியான ஒப்பீட்டுக் குழு இல்லாமல், எண்ணெயின் உட்பொருளை அளக்காமல் செய்யும் ஆய்வில் இறக்கும் ஒவ்வொரு எலியும் வீணாகச் சாகிறது. அதைத் தடுப்பது ஆய்வு தொடங்கும் முன்பு, திட்டம் எழுதும் நாற்காலியிலேயே முடிகிற வேலை.

உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை எடுப்பவர் இந்த எண்ணெயை எடுக்கலாமா?

தானாக எடுக்க வேண்டாம். சிடி4 செல்களையும் இன்டர்ஃபெரான் காமாவையும் கூட்டிய ஆய்வும் இருக்கிறது, ஆன்டிபாடியைக் குறைத்த ஆய்வும் இருக்கிறது என்று மேலே பார்த்தோம். மாற்று உறுப்பு உள்ள உடலில் அது எந்தப் பக்கம் சாயும் என்று இந்த விலங்கு ஆய்வுகளை வைத்துச் சொல்ல முடியாது. தப்பான பக்கம் சாய்ந்தால் உறுப்பே போய்விடலாம். கர்ப்பிணிகளும், சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்களும், அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் பாட்டிலை அப்படியே எடுத்துப் போய்க் காட்டுங்கள். எப்படி எடுத்த எண்ணெய், எத்தனை மில்லி, எத்தனை நாளாக என்பதையும் சொல்லுங்கள்.